லட்சத்து ஒன்றை வகுத்த கதை

ஒரு லட்சத்து ஒன்று என்ற எண் எனக்குத் தனிப்பட்ட முறையில் தீங்கு செய்திருக்கிறது. எண்களுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது என்று சொல்பவர்கள் அவற்றோடு அதிகம் பழகாதவர்கள். நான் ஆயுளில் பாதியைக் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் குமாஸ்தாவாக எண்களோடு கழித்து, இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன். லட்சம் நல்ல எண். லட்சத்து இரண்டும் நல்ல எண்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாவமும் அறியாததுபோல் நிற்கிறதே, அதை மட்டும் நம்பக் கூடாது.

இது கோப்பிக் காலத்துக் கதை. இன்று மலைகளில் தேயிலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்லி விளங்கவைப்பது சிரமம். மலையெல்லாம் கோப்பி. ரோட்டெல்லாம் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. எனக்கு வயது இருபத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரிடம் கேத்திர கணிதமும் அட்சர கணிதமும் படித்து முடித்து, கண்டிக்கு வந்து, மஹய்யாவையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கந்தோரில் கடைசிக் கதிரை என்னுடையது. ஆனால் நான் படித்த படிப்பு என் நடையிலேயே தெரியும். (தெரியாதவர்களுக்கு நானே நிறுத்திச் சொல்லிவிடுவேன்.)

அந்த நாளில் கண்டியில் அம்பலவாணர் என்றால் மூன்று விதமாகச் சொல்வார்கள். மலைத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளைக் கண்டி ரயில் நிலையத்துக்கு இறக்கும் வண்டிகளின் சொந்தக்காரர். நகரத்து அம்மன் கோயிலின் தர்மகர்த்தா. பாக்கியத்தின் தகப்பனார். எனக்கு மூன்றாவது விவரம் போதும். என் மாமா பேச்சைத் தொடங்கி, என் ஜாதகம் அவர் வீட்டு அலுமாரிக்குள் போயிருந்தது. அம்பலவாணர் மூட்டையானாலும் மாப்பிள்ளையானாலும் தூக்கிப் பார்த்துத்தான் ஏற்றுவார். என்னை இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோப்பிக்கு இலை நோய் வந்தது. இலையின் அடியில் மஞ்சள் தூள் பிடிக்கும், இலை உதிரும், மரம் மொட்டையாக நிற்கும். துரைமார் பேராதனைப் பூந்தோட்டத்துத் தாவர சாஸ்திரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். தொழிலாளரை அழைத்து வந்து வேலை வாங்கும் பெரிய கங்காணிமார் அம்மனிடம் வந்தார்கள். கண்டிக்குக் கிட்டிய பழைய தோட்டங்களின் கங்காணிமார் ஏழு பேர் சேர்ந்து லட்சார்ச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டார்கள். அம்மனின் நாமத்தைச் சொல்லி ஒரு பூ. அப்படி லட்சம் நாமம், லட்சம் பூ. (ஒருவர் கோப்பிப் பூவாலேயே செய்யலாம் என்றார். ஒரு பூவைக் கிள்ளினால் ஒரு பழம் போய்விடும், லட்சம் கிள்ளினால் துரை நம்மைக் கிள்ளுவார் என்று மற்றவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அரளிக்குச் சம்மதித்தார்.)

ஏழு பேருக்கும் தலைவர் சங்கிலிமுத்துக் கங்காணி. கடுக்கன், கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட தடி. அவர்தான் குருக்களிடம் சொன்னார்:

"லட்சம்னு நிறுத்தாதீங்க சாமி. மொய் வச்சாலும் நூத்தி ஒண்ணுதான வைக்கிறோம். முட்டையில முடிக்கிற காரியம் வெளங்குமா? லட்சத்து ஒண்ணா வச்சுக்கங்க."

குருக்கள் சரி என்றார். லட்சத்து ஒன்று என்று சொல்லி, அம்மன் முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். முடிந்ததோடு எண் முடிவாகிவிட்டது. நேர்ந்த எண்ணைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அதன் பிறகுதான் பங்குப் பிரச்சினை வந்தது. ஒவ்வொரு கங்காணி பெயருக்கும் அவர் தோட்டத்தின் பெயருக்கும் சங்கற்பம் செய்து, அவரவர் பங்கு அர்ச்சனையை நடத்த வேண்டும். பங்கு சமமாக இருக்க வேண்டும். லட்சத்து ஒன்றை ஏழால் வகுத்தால் ஆளுக்குப் பதினாலாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து, மீதி ஆறு. ஆறு பூ, ஏழு கங்காணி.

"ஆறு பேருக்கு ஒரு பூ கூடவா? அப்ப பூ இல்லாத அந்த ஒருத்தன் தோட்டத்துக்கு மட்டும் இலை நோய் வரட்டுங்கிறீங்களா?" என்று கேட்டார் சங்கிலிமுத்து. அவர் கேட்டது நியாயம். ஒரே ஒரு பூ கூட்டினால் ஏழுக்கும் சமமாகப் பிரியும் என்று நான் சொன்னேன். கூட்டக் கூடாது என்று குருக்கள் சொன்னார்.

இது போதாதென்று இன்னும் நான்கு கங்காணிமார் வந்து சேர்ந்தார்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கம், உயரத்தில், புதிதாகக் காடு வெட்டிப் போட்ட தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காகப் பேசியவர் கருப்பண்ணன் கங்காணி. தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசுவார்.

"எங்க பக்கமும் தூளு விழுந்திருச்சுங்க. எங்களையும் உபயத்துல சேத்துக்கிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

ஏழு பேரும் மாட்டோம் என்றார்கள். கோயில் மண்டபத்துக்குத் தூண் வைத்தவர்கள் தாங்கள், நேற்று வந்தவர்களுக்குச் சரிசமமாகப் பங்கு கொடுக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. அம்பலவாணர் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் வண்டிகளுக்கு அன்றைய சோறு ஏழு பேரின் தோட்டங்களிலிருந்து வந்தது. நாளைய சோறு ஹுன்னஸ்கிரியவிலிருந்து வரலாம். தன் வாயால் யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு விருப்பமில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. ஒருத்தருக்கும் நோகாமல் இல்லை எண்டு சொல்லுறதுக்கு உங்கட படிப்பில ஏதும் வழி இருக்கோ?"

(இருக்கிறது. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அரசாங்கம் கந்தோர் வைத்து நடத்துகிறது. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.)

"அடுத்த ஞாயிறு சொல்கிறேன்" என்றேன்.

"இதைச் சரியா முடிச்சுத் தாரும். மற்றதைப் பிறகு பேசுவம்."

மற்றது எது என்று எனக்கு விளங்கியது. உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றதால், அங்கேயும் விளங்கியது என்று தெரிந்துகொண்டேன்.

அறைக்கு வந்து யோசித்தேன். வழி தென்பட்டது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். லட்சத்து ஒன்று பகா எண் என்று காட்டிவிட்டால், அதை எத்தனை பேருக்கும் சமமாகப் பங்கிட முடியாது. பங்கே கிடையாது என்றால் ஏழு பேருக்குள் சண்டை இல்லை. ஏழு பேர் பெயரிலும் பொதுவாக அர்ச்சனை நடக்கும். நான்கு பேருக்கும் கொடுக்க மறுத்ததாக ஆகாது. இல்லாத பங்கை யார் கொடுப்பது? மனிதர் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எண் சொல்லிவிடும்.

பகா எண்ணா என்று சோதிக்க ஒரு நடைமுறை உண்டு. சிறிய பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். முந்நூற்றுப் பதினாறுக்குமேல் போகத் தேவையில்லை, ஏனென்றால் முந்நூற்றுப் பதினேழை அதனாலேயே பெருக்கினால் லட்சத்து ஒன்றைத் தாண்டிவிடும். இரண்டும் ஐந்தும் கடைசி இலக்கத்தைப் பார்த்ததும் போயின. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு. ஆகவே மூன்றும் போயிற்று. ஏழின் கதை ஊருக்கே தெரியும். அடுத்தது பதினொன்று. பதினொன்றுக்கு வகுக்கவே வேண்டாம். மனத்தாலேயே பார்க்கும் சுருக்கு வழி ஒன்று உண்டு. அவ்வளவு எளிதானதை வெற்றிலை போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, பதின்மூன்றுக்குப் போனேன்.

ஞாயிறு முழுவதும் சிலேட்டுப் பலகையில் வகுத்தேன். பதின்மூன்று, மீதி ஐந்து. பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று என்று ஒன்றையும் விடவில்லை. நூற்றொன்றால் வகுத்தபோது மீதி பதினொன்று வந்தது. அந்த எண் தானாகவே கையை ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறது. நான் அதையும் துடைத்துவிட்டு நூற்று மூன்றுக்குப் போனேன். கடைசியில் முந்நூற்றுப் பதின்மூன்று, மீதி நூற்று ஐம்பத்து நான்கு. முடிந்தது. எழுந்து முகம் கழுவி, கோட்டுப் போட்டுக்கொண்டு அம்பலவாணர் வீட்டுக்கு நடந்தேன். வழியில் வெற்றிலையும் போட்டேன். பதினொன்று ஞாபகம் வரவில்லை.

"ஒருத்தருக்கும் பிரியாதோ?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"ஒருத்தருக்கும் பிரியாது."

"பத்துப் பேருக்கு?"

"பிரியாது."

"நூறு பேர் வந்தால்?"

"ஆயிரம் பேர் வந்தாலும் பிரியாது."

அவர் முகம் மலர்ந்தது. அதுவரை அந்த வீட்டில் எனக்குக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கத்தான் கோப்பி கிடைத்திருந்தது. அன்று சீனி போட்ட கோப்பி வந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம். வாயால் சொல்லியிருந்தாலே போதும். நான்தான் கரும்பலகை வேண்டும் என்றேன். தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றில் இரவல் கேட்டு, அம்பலவாணரின் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தூணில் சாய்த்து வைத்தேன். ஏழு கங்காணிமாரும் முன்னால் பாயில் இருந்தார்கள். நான்கு பேரும் பின்னால், தூணோரம். பெண்கள் பக்கத்தில் பாக்கியம் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நன்றாகத்தான் பேசினேன். பகா எண் என்றால் என்ன என்று சொன்னேன். எத்தனை எண்களால் வகுத்தேன் என்று சொன்னேன். சில வகுத்தல்களைச் செய்தும் காட்டினேன். சங்கிலிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முடிவு பிடித்திருந்தது.

"அப்பப் பங்குன்னு ஒண்ணு இல்லவே இல்ல."

"இல்லை."

அவர் பின்பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா கருப்பண்ணா? நாங்க சொல்லலப்பா. கிளாக்கரய்யா இங்கிலீசுக் கணக்குலயே சொல்லிட்டாரு."

கருப்பண்ணன் தலைப்பாகையைக் கையில் எடுத்தார். "கேட்டோம்ண்ணே. கணக்கு சொன்னாச் சரிதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன் கிளாக்கரய்யா. இவுங்க ஏழு பேரு, நாங்க நாலு பேரு. மொத்தம் பதினொண்ணு. பதினொண்ணுக்கும் பிரியாதுங்களா?"

இங்கேதான் நடைமுறை முக்கியம். ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தால், அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பிற்காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இதைத்தான் கற்றுக்கொடுத்தேன். அன்று எனக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பெண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தேன். அழகாக முடித்து வைக்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது என்று தோன்றியது.

"பதினொன்றுதான் எல்லாவற்றிலும் எளிது" என்றேன். "வகுக்கவே வேண்டாம். நீங்களே பாருங்கள்."

பலகையைத் துடைத்து, பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும்படி பெரிதாக எழுதினேன். ஒன்று, நான்கு பூச்சியம், ஒன்று. பிறகு விதியைச் சொன்னேன். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்ட வேண்டும். விட்டுப்போனவற்றைத் தனியாகக் கூட்ட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். சைபர் வந்தால் பதினொன்றுக்குப் பிரியும்; இங்கே பிரியாது. விதியை முதலில் சொல்லாமல் இருந்திருந்தால் இடையில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் அதை நல்ல தமிழில், உரக்க, இரண்டு தரம் சொன்னேன்.

"முதல் இலக்கம், மூன்றாவது, ஐந்தாவது. ஒன்று, பூச்சியம், பூச்சியம். ஆக ஒன்று. இரண்டாவது, நான்காவது, ஆறாவது. பூச்சியம், பூச்சியம், ஒன்று. ஆக ஒன்று. ஒன்றில் ஒன்று போனால்..."

நான் நிறுத்திவிட்டேன். மண்டபம் நிறுத்தவில்லை.

"சைபரு" என்றார்கள் பதினொரு கங்காணிமாரும். அன்று அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

வேறு வழியில்லாமல் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று. மீதி ஒன்றுமில்லை. சோக்கட்டி கையிலேயே முறிந்தது.

அம்பலவாணர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, ஆயிரம் பேர் வந்தாலும் பிரியாதெண்டு சொன்னீர்."

"பதினொன்றைப் பார்க்கவில்லை."

"ஏன்?"

"எளிது என்று விட்டுவிட்டேன்."

அடுத்துக் குருக்கள் கேட்டார். "ஏழுக்குப் பிரியாது. வேறு எத்தனை பேருக்குப் பிரியும்?"

"வேறு எவருக்கும் பிரியாது. பதினொரு பேருக்கு மட்டும்தான்." (ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொரு பேர் வந்தால் ஆளுக்குப் பதினொன்று கிடைக்கும் என்பதும் உண்மை. அதை இந்த முறை சொல்லாமல் விட்டேன்.)

"லட்சத்தோடு நிறுத்தியிருந்தால்?"

"பதினொன்றுக்கும் பிரிந்திராது. மீதி பத்து வரும்."

குருக்கள் பலகையில் இருந்த கடைசி ஒன்றை விரலால் காட்டினார். "அந்த ஒன்றைக் கூட்டச் சொன்னது யார்?" என்று கேட்டார். மண்டபம் முழுவதும் சங்கிலிமுத்துக் கங்காணியைப் பார்த்தது. "இது கணக்கில்லை. அம்பாள் வாக்கு. பதினொரு பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கிலிமுத்து எழுந்து தடியை எடுத்துக்கொண்டார். போகிற வழியில் என் பக்கத்தில் நின்றார்.

"ஏன் கிளாக்கரய்யா, ஒங்கள யாரு அந்தப் பலகைய எடுத்தாரச் சொன்னா?"

நான் பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்.

அர்ச்சனை பதினொரு பங்காக, ஒரு பூ கூடாமல் குறையாமல் நடந்து முடிந்தது. ஏழு பேரும் வந்தார்கள், கும்பிட்டார்கள், பிரசாதம் வாங்கினார்கள். அடுத்த வாரம் தங்கள் தோட்டத்துக் கோப்பியை வேறு ஒருவருடைய வண்டிகளில் ஏற்றினார்கள். அம்பலவாணரின் வண்டிகள் பாதி, வீட்டுக்கு முன்னால் நுகத்தடி இறக்கி நின்றன. என் ஜாதகம் திரும்பி வந்தது. கரும்பலகையைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோன அதே வண்டியில், அதே வண்டிக்காரர் கையில் அம்பலவாணர் கொடுத்தனுப்பியிருந்தார். "பலகை, ஜாதகம், ரெண்டும் ஒங்களோடதுன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார் வண்டிக்காரர். ஊரில் என் பெயர் லட்சத்தொண்ணு கிளாக்கர் என்று ஆயிற்று. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும், பதினொன்றாகத் தரட்டுமா என்று கேட்டார்கள்.

இலை நோய் அர்ச்சனையைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. தாழ்வான இடங்களை முதலில் பிடித்தது. உயரத்துக்குப் பிந்தித்தான் போயிற்று. ஏழு பேரின் தோட்டங்கள் முதலில் மொட்டையாயின. ஹுன்னஸ்கிரிய மலையில் இன்னும் சில வருடம் கோப்பி காய்த்தது. கருப்பண்ணனும் மற்ற மூவரும் தங்கள் துரைமாரிடம் பேசி, அந்தக் கோப்பி முழுவதையும் அம்பலவாணரின் வண்டிகளுக்கு வாங்கிக்கொடுத்தார்கள். ஏழு பேரை இழுத்துக்கொண்டவரின் வண்டிகள் சும்மா நிற்க, அம்பலவாணரின் வண்டிகள் மலை ஏறின. அம்பாள் அருள் என்றார் குருக்கள். உயரம் என்று நான் நினைத்தேன். ஆனால் நினைப்பதை உரக்கச் சொல்லும் பழக்கத்தை அதற்குள் விட்டிருந்தேன்.

ஒரு நாள் அம்பலவாணர் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். சீனி போட்ட கோப்பி வந்தது. ஜாதகத்தை மறுபடி கேட்டார்.

"சாத்திரியார் போனமுறையே பார்த்தவர். பத்துப் பொருத்தமும் வலு திறம் எண்டவர்" என்றார். "பதினொண்டுதான் உமக்குப் பொருந்தேல்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிள்ளையிட்டயும் கேட்டனான். அண்டைக்கு அவர் நினைச்சிருந்தால் ஒரு சொல்லில பொய் சொல்லித் தப்பியிருக்கலாம், சொல்லேல்லை, எல்லாருக்கும் முன்னால கணக்கைச் செய்து காட்டினவர் எண்டு சொன்னாள். அவளுக்கு அது காணுமாம், வேறொண்டும் வேண்டாமாம்."

கல்யாணம் நடந்தது. பதினொரு கங்காணிமாரும் வந்தார்கள். சங்கிலிமுத்து வைத்த மொய் சரியாக நூறு. அன்று நான் தப்பிக்காததற்குக் காரணம் நேர்மை இல்லை, மண்டபம் என்னை முந்திக்கொண்டு சைபர் என்றதுதான் என்பதைப் பாக்கியத்திடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே தொடங்கிவிட்டாள். யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டோம். பெட்டி, படுக்கை, தண்ணீர்க் கூசா, குடை எல்லாவற்றையும் நான் சரிபார்த்து, கதவைப் பூட்டி, ஜன்னல்களை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன். "பதினொண்டைப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டாள். கோபம் வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கு. பிள்ளைகள் கேட்டார்கள். மருமக்கள் வந்த மறுவாரமே கற்றுக்கொண்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகள், நான் சட்டைப் பொத்தான் போடும்போது கேட்கிறார்கள். நான் கந்தோரை விட்டு விலகும்போது பென்ஷன் விண்ணப்பத்தை மூன்று பிரதி எழுதினேன். பிறப்புச் சான்று, சேவை விவரம், மேலதிகாரி சிபாரிசு, எல்லாம் வரிசையாக இணைத்தேன். எத்தனையோ பேருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். உறையை ஒட்டப் போகும்போது பாக்கியம் கேட்டாள். சிரித்துவிட்டு ஒட்டினேன். ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை.

இதை எழுதி முடித்து அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஏழின் மீதி, நூற்றொன்றின் மீதி, முந்நூற்றுப் பதின்மூன்றின் மீதி எல்லாவற்றையும் மறுபடி வகுத்துச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள்.

சிலேட்டுப் பலகையை எடுத்துப் பதினொன்றால் வகுத்துப் பார்த்தேன். இன்றும் மீதியில்லை.